கட்டுமானப் போட்டிக்கு முதலில் விடைத்தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, திருச்சி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் சிவில் துறையினர் விழா எடுக்கும்போது, கட்டுமான மேலாண்மைக் குழுப் போட்டி என்று ஒன்று வைப்பதுண்டு. வரைபடத்தைக் கையில் கொடுத்து எஸ்டிமேட், வேலை அட்டவணை, தள ஏற்பாடு ஆகிய மூன்றையும் போடச் சொல்வார்கள். பிறகு நடுவர் முன் விளக்கம். மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் முடிவை அறிவித்ததும் முணுமுணுப்பு எழும். பழி நடுவர் தலையில் விழும். பெரும்பாலும் கோளாறு நடுவரிடம் இல்லை. வினாத்தாளை அச்சுக்கு அனுப்பும் முன் அதற்கான விடையை யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு சிறுபாலம் கட்டுவதுதான் வினா என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரம் 6 மீட்டருக்கு 8 மீட்டர், ஆழம் 2 மீட்டர். படத்தில் உள்ளதை அப்படியே பெருக்கும் குழுவுக்கு மண்வெட்டு 96 கன மீட்டர். நம் ஊர்க் களிமண்ணில், அதுவும் ஈரத்தில், 2 மீட்டர் செங்குத்தாகத் தோண்டினால் கரை சரியும் என்று அறிந்த குழு சுற்றிலும் அரை மீட்டர் வேலை இடம் விட்டு, ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் வெளியே விலகும் சரிவு கொடுக்கும். அதற்கு ஏறக்குறைய 200 கன மீட்டர் வரும். இரண்டில் எது தப்பு? எதுவும் இல்லை. முன்னது படத்தின்படி அளந்த அளவு, பின்னது தளத்தில் உண்மையில் வாரி எடுக்கும் மண். எந்த அளவு வேண்டும் என்று வினாத்தாளில் ஒரு வரி இல்லாவிட்டால், ஒரு குழு தலையெழுத்தால் தோற்கும்.

கம்பியிலும் இதே கதைதான். 12 மி.மீ. கம்பிக்கு இணைப்பு நீளம், அதாவது ஒரு கம்பியின் முனை அடுத்ததோடு சேர்ந்து ஓடும் நீளம், விட்டத்தில் 50 மடங்கு என்று எடுத்தால் 600 மி.மீ. கடையில் வரும் கம்பி 12 மீட்டர். ஒரு கம்பிக்கு ஓர் இணைப்பு என்றாலே 5 சதவீதம் கூடிவிடுகிறது. படத்தில் இணைப்பு நீளத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டு, சரியான எடையிலிருந்து 3 சதவீதத்துக்குள் வந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி போட்டால், அதை விதி என்பதா, சீட்டுக்குலுக்கல் என்பதா?

ஆகவே போட்டிக்கு மூன்று வாரம் முன்னதாக இரண்டு பொறியாளர்கள், ஒருவரை ஒருவர் கேட்காமல், முழு விடையையும் போட வேண்டும். பிறகு மண்வெட்டு, கம்பி என்று இனம் இனமாக ஒப்பிட வேண்டும். எந்த இனத்தில் இருவருக்கும் 2 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வருகிறதோ, அங்கே படமோ குறிப்போ தெளிவாக இல்லை என்று பொருள். படத்தைத் திருத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். போட்டி நடத்துவதில் பாதி வேலை இது.

வேலை அட்டவணைக்கு வருவோம். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத நாளில்தான் பாலத்தின் அடித்தள வேலை நடக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். மூடியதிலிருந்து அடுத்த திறப்பு வரை கிடைப்பது சுமார் 135 நாள். இது கும்பகோணத்து மாணவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கோயம்புத்தூரிலிருந்து வரும் குழுவுக்குத் தெரிய நியாயமில்லை. தவிர, ஆண்டுக்கு ஆண்டு அந்தத் தேதிகள் முன்பின் ஆகின்றன. ஆகையால் “இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வாய்க்காலில் நீர் இராது” என்று வினாத்தாளிலேயே எழுதிவிட வேண்டும். அந்த இடைவெளிக்குள் வேலையை எப்படி அடுக்குகிறார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங்கைப் பிரிக்கும் நாளும் இப்படித்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 விதிப்படி, தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை நீளும் கான்கிரீட் தளத்துக்கு முட்டுகளை 7 நாளிலும், அதற்கு மேல் நீண்டால் 14 நாளிலும் எடுக்கலாம். அந்தக் கணக்கு சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரியது. கடையில் அதிகம் கிடைப்பதோ சாம்பல் கலந்த பி.பி.சி. அதற்குத் தண்ணீர் விட்டு ஈரம் காக்கும் கியூரிங்கே 7 நாளுக்குப் பதில் குறைந்தது 10 நாள். எந்த சிமெண்ட் என்று சொல்லாவிட்டால் ஒரு குழு 14 நாள் போடும், இன்னொன்று 21 போடும். மொத்த அட்டவணையும் ஒரு வாரம் ஆடும்.

விலைப்பட்டியலையும் வினாத்தாளோடு கொடுத்துவிடுவது நல்லது. எம்-சாண்ட் ஒரு யூனிட் என்ன விலை என்று தெரிந்த கடைக்காரரிடம் போனில் கேட்டுக்கொள்ள உள்ளூர்க் குழுவால் முடியும். யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர் என்பதையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் வீண் பிழை குறையும்.

குறைந்த தொகை போட்ட குழுவுக்கு அதிக மதிப்பெண் என்ற வழக்கத்தைக் கைவிட வேண்டும். டெண்டரில் அப்படித்தானே என்பார்கள். டெண்டரில் குறைத்துப் போட்டவர் அந்தத் தொகைக்கு வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். மாணவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஊற்றுநீர் இறைக்கும் மோட்டாரையும் டீசலையும் மறந்த குழு மலிவாகத்தான் தெரியும். பரிசும் அதற்கே போகும். அளவு சரியா, எந்த இனமாவது விட்டுப்போயிற்றா என்றுதான் பார்க்க வேண்டும்.

டெண்டர் முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஒப்பந்தக்காரர் ஒருவர் சந்தேகம் கேட்டால், பதில் எல்லாருக்கும் எழுத்தில் போகும். போட்டியிலும் அதே போலச் செய்யலாம். முதல் ஒரு மணி நேரம் மட்டும் கேள்விகளை எழுதி வாங்கி, கேட்டது யார் என்று சொல்லாமல் எல்லா மேசைக்கும் ஒரே நகலைக் கொடுக்கலாம். ஒருங்கிணைப்பாளர் மேசை மேசையாகப் போய் வாயால் விளக்குவதுதான் பல சண்டைகளுக்கு வித்து.

வேலை அட்டவணை போடும் பிரைமவேரா மென்பொருள் எல்லாக் கல்லூரியிலும் இல்லை. கையால் வரைந்த வலைப்படமும் ஏற்கப்படும், மதிப்பெண் வேலை வரிசைக்கே தவிர அச்சின் அழகுக்கு அல்ல என்று அறிவித்துவிடலாம். கடைசி அரை மணியில் எல்லாக் குழுவும் ஒரே பிரிண்டர் முன் நிற்கும். தாள் சிக்கும், மின்சாரம் போகும். குழு எண் ஒட்டிய பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, அச்சை நடத்துபவர்களே எடுத்தால் இந்த இழுபறி இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அனுமதிப்பதோ தடுப்பதோ, எதுவானாலும் முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி நடுவர்கள். 12 குழு வந்தால், குழுவுக்கு 25 நிமிடம் என்று 5 மணி நேரம் ஆகும் என அஞ்சி இரண்டு அறைகளாகப் பிரிப்பார்கள். கண்டிப்பான நடுவர் இருக்கும் அறைக்குப் போன குழுக்களுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. அதைவிட, எழுத்து விடைகளை வைத்து ஆறு குழுக்களைத் தேர்ந்து, அந்த ஆறையும் ஒரே நடுவர் குழு இரண்டரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

மதிப்பெண்களை அப்படியே கூட்டுவதும் ஆபத்து. முதல் குழுவுக்கு மூன்று நடுவர்கள் 72, 71, 50 போடுகிறார்கள்; இரண்டாம் குழுவுக்கு 70, 69, 85. கூட்டினால் 193-க்கு 224, இரண்டாம் குழு வெற்றி. ஆனால் மூவரில் இருவர் முதல் குழுவையே மேலாக நினைத்தார்கள். கை தாராளமாக ஏறி இறங்கும் ஒருவர் மற்ற இருவரையும் விழுங்கிவிட்டார். ஒவ்வொரு நடுவரும் கொடுத்த இடத்தை, அதாவது முதல், இரண்டாம் என்ற வரிசை எண்ணைக் கூட்டினால் 4-க்கு 5; குறைந்த எண் பெற்ற முதல் குழு வெல்லும். சமன் வந்தால் எஸ்டிமேட் மதிப்பெண் தீர்க்கட்டும்.

கல்லூரிப் பெயர், சின்னம், சீருடை எதுவும் நடுவர் கண்ணில் படக்கூடாது. குழு எண் போதும். நடத்தும் கல்லூரியின் அணி பரிசுக்குப் போட்டியிடாமல் இருப்பதே கௌரவம். பிறகு மொழி. தடுப்புச் சுவரின் சரிவை அழகாகத் தமிழில் விளக்கத் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர் ஆங்கிலத்தில் தடுமாறி மதிப்பெண் இழப்பது இந்தப் போட்டிகளில் சாதாரணம். தளத்தில் மேஸ்திரியிடம் அவர் எந்த மொழியில் பேசப்போகிறார்? எந்த மொழியிலும் பதில் சொல்லலாம் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடலாம்.

முடிவு அறிவித்ததும் மாதிரி விடையையும், அந்தந்தக் குழுவின் மதிப்பெண் தாளையும் கையில் கொடுத்துவிட வேண்டும். கூட்டல் பிழைக்கு மட்டும் அரை மணி நேரம் முறையீடு. கோப்பையைக் கொடுப்பது அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
சிவில் பொறியாளர் ஒருவர்,
கும்பகோணம்