முதலில் தூர வரம்பை விரியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆள் நடமாட்டம் குறைந்த ஒதுக்குப்புற ஊர்களில் துணை தேடுவோர், செயலியில் சட்டென்று வயது வரம்பைத் தளர்த்திவிடுகிறார்கள். தூர வரம்பை முதலில் விரிப்பதே நல்லது. செயலி காட்டும் தூரம் பெரும்பாலும் நேர்கோட்டில் அளந்தது. குறுக்கே மலையோ ஆறோ இருந்தால் 40 கி.மீ. என்பது சாலைவழியில் இரு மடங்காகிவிடவும் கூடும். பேச்சு வளர்வதற்கு முன்பே வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

முதல் சந்திப்பு பகலில், பொது இடத்தில், அவரவர் வண்டியில். கடைசிப் பேருந்தை நம்பிப் போய் அதைத் தவறவிட்டால், முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்க நேரும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வயது வந்த இருவருக்குள் 15 ஆண்டு இடைவெளி தவறே இல்லை. 30க்கும் 45க்கும் உறுத்தாது. 55க்கும் 70க்கும் வரும்போது, மருத்துவமனைக்கு யார் வண்டி ஓட்டுவது என்ற கேள்வி எழும். குழந்தை, சொத்து, பராமரிப்பு பற்றி ஒன்றாகக் குடியேறுமுன் பேசியாக வேண்டும். வீடு, வண்டி, வருமானம் எல்லாம் மூத்தவர் கையிலேயே இருந்தால், இளையவர் விலக நினைத்தாலும் வழி இருக்காது. தனி வங்கிக் கணக்கும் ஓட்டுநர் உரிமமும் அவரிடம் கட்டாயம் இருக்கட்டும்.

- ஒரு வாசகர்