உங்கள் கொட்டேஷனில் காற்றுக்கோபுரம் ஏன் இல்லை?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

துபாயில் வில்லா வாங்கி, அதைப் புதுப்பிக்கவோ விரிவாக்கவோ எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே கேட்கிறீர்கள். வீடு இந்த ஊர்ப் பாரம்பரியத்தோடு ஒட்டி இருக்க வேண்டும், கரண்ட் பில்லும் குறைய வேண்டும். கூடவே மொட்டைமாடியில் பர்ஜீல் என்கிற காற்றுக்கோபுரம் ஒன்றும் வேண்டும் என்கிறீர்கள். எங்கள் கொட்டேஷனில் அது மட்டும் இருப்பதில்லை. காரணத்தை விளக்கமாகச் சொல்வது எங்கள் கடமை.

துபாய் க்ரீக் ஓரத்தில் அல் ஃபஹீதி பகுதிக்குப் போனால் அசல் பர்ஜீல்களைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈரானின் பஸ்தக் பக்கமிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள் அவை. கோபுரம் நாலு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே இரண்டு தடுப்புச் சுவர்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடும். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் கோபுரத்தின் அந்தப் பக்கத்துப் பிரிவு அதைப் பிடித்துக் கீழே வீட்டுக்குள் இறக்கும். எதிர்ப்பக்கத்துப் பிரிவு வழியாகச் சூடான காற்று மேலேறி வெளியே போகும். ஷார்ஜாவின் மஜ்லிஸ் அல் மித்ஃபாவில் இதையே வட்ட வடிவில் கட்டியிருக்கிறார்கள். இவையெல்லாம் ஏசி இல்லாத, காற்று தாராளமாக உள்ளே வந்து போகும் வீடுகள்.

உங்கள் வில்லா அப்படி அல்ல. ஆகஸ்ட் மாதக் கடற்கரைக் காற்றில் ஈரம் சொட்டும். அதை ஏசி ஓடும் வீட்டுக்குள் இறக்கினால் குளிர்ந்த சுவரில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், மணலும் சேரும். அதனால்தான் பல புது வில்லாக்களில் கோபுரத்தை அடைத்து வைத்து வெறும் அலங்காரமாக விட்டுவிடுகிறார்கள். அபுதாபியின் மஸ்தார் நகரில் 45 மீட்டர் உயரக் காற்றுக்கோபுரம் கட்டியபோது அதைத் திறந்த முற்றத்தில்தான் நிறுத்தினார்கள். உங்கள் வீட்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பது, மாடிப்படியின் உச்சியில் திறந்து மூடக்கூடிய ஜன்னல். நவம்பர் முதல் மார்ச் வரை இரவில் அதையும் கீழ்த்தள ஜன்னலையும் திறந்து வைத்தால் சூடு தானாக மேலேறிப் போய்விடும். பர்ஜீலின் பாதி வேலையை அது செய்துவிடும், செலவும் குறைவு.

மிச்சப் பணத்தை மேற்குச் சுவரில் போடுங்கள். துபாயில் ஜூன் மாத நண்பகல் வெயில் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. அதனால் தெற்கு ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் இருந்தாலே போதும். சாய்ந்து வரும் மாலை வெயில்தான் வீட்டைச் சூடேற்றுகிறது. அதற்கு அரபுக் கட்டடக்கலையின் பதில் மஷ்ரபியா, அதாவது ஜன்னலுக்கு வெளியே நிற்கும் துளைத் தடுப்பு.

ஆனால் மஷ்ரபியா என்ற பெயரில் சந்தையில் விற்பது பெரும்பாலும் 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் லேசரால் வெட்டிய பூவேலை. பார்க்க அழகாக இருக்கும், வெயிலைப் பாதிதான் தடுக்கும். நிழலைத் தருவது துளையின் ஆழம். 8 செ.மீ. துளைக்கு 10 செ.மீ. ஆழம் கொடுத்து ஜிஆர்சியில் (கண்ணாடி இழை கலந்த கான்கிரீட்) வார்த்தால், ஜூன் மாதம் மாலை 4 மணி வெயில் ஒரு கீற்றுகூட நேராக உள்ளே வராது. 5 மணிக்குச் சூரியன் இன்னும் தாழும்போது கொஞ்சம் நுழையும். அதற்கு மரம் வேண்டும், கீழே சொல்கிறோம். இன்னொன்று: இந்தத் தடுப்பு ஜன்னல் கண்ணாடிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரை போட்டு வெளியேற்ற முடியாது. 2012இல் கட்டி முடித்த அபுதாபி அல் பஹ்ர் கோபுரங்களில் வெயிலுக்கேற்ப விரிந்து மடங்கும் தடுப்புகளையும் கண்ணாடிக்கு வெளியேதான் நிறுத்தியிருக்கிறார்கள். தடுப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓர் ஆள் நின்று தூசி துடைக்க இடம் விடுகிறோம். அந்த இடத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே வருடத்தில் மணல் அப்பிவிடும்.

விருந்தினரை வரவேற்று உட்கார வைக்கும் மஜ்லிஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 2015இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பதிவு செய்த வழக்கம் இது. நாலு அரபித் திண்டும் ஒரு தல்லாவும் (அரபிக் காப்பிக் கூஜா) வைத்தால் மஜ்லிஸ் ஆகிவிடாது. அமீரக வீட்டில் அது வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே, தனி வாசலோடு இருக்கும்; வந்தவர் வீட்டுப் பெண்களின் புழக்கத்துக்குள் போகாமலேயே உட்கார்ந்து, கை கழுவி, சாப்பிட்டுப் போகலாம். நம் ஊர்த் திண்ணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வீட்டின் தலைவாசல் வழியையும் நேராக விடாமல் திருப்பி வைப்பார்கள், கதவைத் திறந்தால் முற்றம் தெரியாது. இந்த ஒழுங்கு ஏசிக்கும் உதவுகிறது. விருந்தினர் வராத நாளில் அந்தப் பக்கத்து யூனிட்டை அணைத்துவிடலாம்.

தோட்டத்தில் புல்தரை வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்த நாட்டின் தேசிய மரமான காஃப், நம்மூர் வன்னி மரமேதான். ஆழ வேர்விட்டுக் குறைந்த தண்ணீரில் வாழும். மேற்கே, சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டுத் தள்ளி நட்டால் மாலை வெயிலை வடிகட்டித் தரும். கோடையில் ஏசி வடிக்கும் தண்ணீரே நாளுக்குப் பல வாளி சேரும். அதை மரத்தடிக்குக் குழாய் போட்டு விடுகிறோம்.

சோலார் பேனலைக் கடைசியில் பார்ப்போம். 2015 முதல் ஷம்ஸ் துபாய் திட்டத்தில், நீங்கள் பயன்படுத்தியது போக மிஞ்சும் மின்சாரத்தை தேவா (துபாயின் மின்சார, குடிநீர் நிறுவனம்) எடுத்துக்கொண்டு பில்லில் கழிக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் முதலில் வீட்டின் தேவையைக் குறைத்தால் குறைவான பேனலே போதும்.

முதல் சந்திப்புக்கு வரும்போது சைட் பிளானும், ஜூலை, ஆகஸ்ட், ஜனவரி மாதத் தேவா பில்களும் கொண்டு வாருங்கள். கோடை பில்லுக்கும் ஜனவரி பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் ஏசிக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கிடுவோம். வெளிச்சுவரில் எதை மாற்றினாலும் டெவலப்பரின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும். அந்த விண்ணப்பத்தை நாங்களே தயாரித்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் வடிவமைப்புக் குழு
ஷார்ஜா