பெட்டியைப் பாதியாக்கு, சேகர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பாஸ் மீன் பிடிக்கும் கிளப்பில் சேர்ந்த சூட்டோடு சூடாகப் போட்டிக்கும் பணம் கட்டிவிட்டாய், அதுவும் இங்கே அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில். கூடவே ஒன்றரைப் பக்கத்துக்கு லூர், அதாவது தூண்டிலில் கட்டும் பொய் இரைகளின் பட்டியல். கடையையே வாங்கிவிட்டாயோ என்று நினைத்தேன். "இதில் எதைக் கட்டுவது, எப்போது மாற்றுவது?" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

அதற்கு முன் இந்தப் பக்கத்துச் சேதி. சின்னவள் ஹைஸ்கூல் பாஸ் அணியில் சேர்ந்துவிட்டாள். அலபாமாவில் இதற்கு அமெரிக்கக் கால்பந்துக்கு அடுத்த மவுசு என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒரு படகுக்கு இரண்டு பிள்ளைகள், ஓட்டுவதற்கு ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் நான்தான். தூண்டில் ராடைத் தொடக்கூடாது. விடிந்ததிலிருந்து மூன்று மணி வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மீன் பிடிப்பவனுக்குத் தெரியாத ஒன்று இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகத் தெரிகிறது: நேரம் எங்கே போகிறது என்பது. கொத்தவில்லை என்றதும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் குனிந்து பெட்டியைத் திறக்கிறார்கள். பச்சையை அவிழ்த்துவிட்டு நீலம், நீலத்தை அவிழ்த்துவிட்டு கறுப்பு. படகு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பெரியவர்கள் போட்டியிலும் இதே கதைதான். மீனே இல்லாத தண்ணீரில் எந்த லூரைப் போட்டு என்ன ஆகப்போகிறது?

அதனால் உன் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். எந்த லூருக்கு மீன் மயங்கும் என்று கேட்காதே. எந்த லூர் சீக்கிரம் சேதி சொல்லும் என்று கேள். லீவு நாளில் முப்பது குட்டி மீன் பிடித்தாலும் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம். போட்டியில் தராசில் ஏறுவது ஐந்தே மீன். உன் கையில் இருப்பதோ எட்டு மணி நேரம், அதில் படகு ஓட்டியே ஒன்று போய்விடும். ஏரி சுமார் 69,000 ஏக்கர். அதில் பெரும்பகுதித் தண்ணீரில் உனக்கு வேலையே இல்லை. அந்தப் பகுதியை வேகமாகத் தள்ளிவிட ஒரு லூர் வேண்டும். மீன் இருக்கிறது என்று தெரிந்த பிறகு நின்று நிதானமாகப் பிடிக்க இன்னொன்று வேண்டும். தேடுவதற்கு ஒன்று, பிடிப்பதற்கு ஒன்று. உன் பட்டியலை இந்த இரண்டாகப் பிரித்துப் பார், பாதிக்கு மேல் வீட்டிலேயே தங்கிவிடும்.

தேடுவதற்கு நீ வாங்கியதில் மூன்று போதும்: முன்தகடு அதிரும் வெள்ளைச் சேட்டர்பெய்ட், மூக்குத் தகடு இல்லாத மீன் பொம்மையான அரை அவுன்ஸ் லிப்லெஸ் கிராங்க்பெய்ட், சதுர மூக்குத் தகடுள்ள ஒரு ஸ்கொயர்பில். கன்டர்ஸ்வில் பாசி ஏரி. ஹைட்ரில்லாவும் மில்ஃபாயிலும் தண்ணீருக்கடியில் மேடு மேடாக வளர்ந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் பாசி இன்னும் மேலே எட்டியிருக்காது. லிப்லெஸ்ஸை அந்தப் பாசித் தலைக்கு மேலே உரசுகிற மாதிரி இழுத்து வா. பாசியில் மாட்டினால் ராடு நுனியில் பஞ்சுபோல ஒரு கனம் தெரியும், அதிர்வு நின்றுபோகும். அங்கேதான் பலரும் சலித்துக்கொண்டு வேகமாகச் சுற்றி எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதே. ராடைச் சட்டென்று ஒரு சுண்டு சுண்டு. லூர் பாசியிலிருந்து பிய்த்துக்கொண்டு எகிறும், அதே நொடியில்தான் கொத்தும். பதறி ஓடுகிற இரையை விட்டுவிட பாஸுக்கு மனசு வராது. மாட்டவே இல்லை என்றால் நீ இழுக்கிற உயரம் தப்பு என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் தாழ விட்டு இழு.

ஒரு கொத்து விழுந்தால் உடனே படகை மெதுவாக நகர்த்தும் டிரோலிங் மோட்டாரை நிறுத்து. இப்போது நிறம், பிராண்டு எதையும் யோசிக்காதே. எவ்வளவு ஆழம், பாசியின் உள்பக்கமா வெளி ஓரமா, பக்கத்தில் மேடா பள்ளமா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, இதை மட்டும் மனசில் குறித்துக்கொள். இரண்டாவது கொத்தும் அதே மாதிரி இடத்தில் விழுந்தால் கையில் ஒரு பேட்டர்ன் கிடைத்துவிட்டது. ஏரி வரைபடத்தில் அதே மாதிரி இருக்கும் மற்ற இடங்களைத் தேடிக்கொண்டு போகலாம்.

அப்புறம் பிடிப்பதற்கு. சென்கோ ஒன்று, முள் நுனி வெளியே தெரியாத டெக்சாஸ் ரிக்கில் ஒரு ரப்பர்ப் புழு, தலையில் கனம் வைத்த ஒரு ஜிக். கேரி யமமோட்டோ உருவாக்கிய சென்கோ பார்ப்பதற்கு ஒரு பேனா அளவுக்கு வெறும் ரப்பர்க் குச்சி. உள்ளே நிறைய உப்பு கலந்திருப்பதால் ஈயம் இல்லாமலேயே மூழ்கும். மூழ்கும்போது இரண்டு முனையும் லேசாக நடுங்கும். வித்தை அவ்வளவுதான். நீ ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். வீசிவிட்டுத் தூண்டில் நரம்பைத் தளர விட்டு, அது தண்ணீரைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிரு. பல சமயம் கையில் எதுவும் தெரியாது. நரம்பு பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும், இல்லையென்றால் மூழ்கிக்கொண்டே போனது பாதியில் நின்றுவிடும். இரண்டில் எது நடந்தாலும் தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டு இழு.

நிறத்தைப் பற்றி ஒரு பத்தி முழுக்கக் கேட்டிருந்தாய். 2019-ல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் பாஸின் நிறப்பார்வையைச் சோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறிப்பிட்ட நிறத்துக்குப் போனால் உணவு என்று மீன்களைப் பழக்கிவிட்டு, எந்த நிறத்தை எதோடு குழப்பிக்கொள்கிறது என்று பார்த்தார்கள். பாஸின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்வுதான், ஒன்று சிவப்பின் பக்கம், இன்னொன்று பச்சையின் பக்கம். சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்துச் சொல்லிவிட்டது. சார்ட்ரூஸ் மஞ்சளையும் வெள்ளையையும் பிரிக்கத் திணறியது, நீலத்தையும் கறுப்பையும் அப்படித்தான். நீ வெள்ளையில் நாலு, சார்ட்ரூஸில் நாலு என்று தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் வாங்கியிருக்கிறாயே, அந்தப் பணம் யாருக்காகச் செலவானது என்று யோசித்துப் பார். லூர்க் கம்பெனிகள் முதலில் பிடிக்கப் பார்ப்பது நம்மைத்தான். நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான்: கலங்கிய தண்ணீரில் கறுப்பு, தெளிந்த தண்ணீரில் பழுப்புப் பச்சையான கிரீன் பம்ப்கின், பாஸ் ஷாட் என்ற சின்ன இரை மீனைத் துரத்திக்கொண்டிருந்தால் வெள்ளை. ஆழமும் வேகமும் சரியாக இருந்தால் நிறம் பெரும்பாலும் தகராறு செய்யாது.

இப்போது உன் போட்டி நாளுக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் தண்ணீர் 65-லிருந்து 70 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இருக்கும். பாஸ் முட்டையிடுவது பாதிக்கு மேல் முடிந்திருக்கும். அதே நேரத்தில் ஷாட் மீன்கள் முட்டையிட ஆரம்பிக்கும். உன் முதல் ஒரு மணி நேரம் அங்கேதான். ஷாட் விடியற்காலையில் கரையோரக் கற்கள், பாசியின் ஓரம், மிதவைத் தளங்கள் என்று எதையாவது ஒட்டிக்கொண்டு முட்டையிடும். பாலத்துக்குக் கட்டிய கற்கரைக்குப் பக்கத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார். வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்னாலேயே கல்லை ஒட்டித் தண்ணீர் படபடவென்று துள்ளும். வெள்ளைச் சேட்டர்பெய்ட்டைக் கரைக்கு இணையாக வீசி இழுத்தால், ஷாட் கூட்டம் லூரின் பின்னாலேயே படகு வரைக்கும் வரும். அப்படி வந்தால் நீ சரியான இடத்தில் இருக்கிறாய், பாஸும் பக்கத்தில்தான் இருக்கும். வெயில் ஏறிக் கல் மேல் பட்டதும் அந்த இடம் பந்தி முடிந்த கல்யாண மண்டபம் மாதிரி காலியாகிவிடும். காலையில் மூன்று மீன் கொடுத்த இடமாச்சே என்று பத்து மணி வரை அங்கேயே வீசிக்கொண்டிருக்காதே. நிறையப் பேருக்குப் போட்டி போவது இந்தப் பாசத்தால்தான்.

இதே ஏரியில் 2014-ல் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய தொழில்முறைப் போட்டியை ராண்டி ஹாவல் ஜெயித்தது உனக்குத் தெரிந்திருக்கும். கடைசி நாள் காலையில் அவர் பதினோராவது இடத்தில் இருந்தார். போவதாக நினைத்திருந்த இடத்தை விட்டுவிட்டு, ஸ்பிரிங் கிரீக் பாலத்தின் கற்கரைக்குப் படகைத் திருப்பினார். அன்றைக்கு ஐந்து மீன் 29 பவுண்டு 2 அவுன்ஸ். அவர் வீசியது கிராங்க்பெய்ட். அந்த வருஷம் பெட்டியில் கிராங்க்பெய்ட் இல்லாத போட்டியாளர் யார்? பிப்ரவரிக் குளிரில் மீன் வந்து ஒதுங்கும் இடத்தில் படகை நிறுத்தியதுதான் விஷயம்.

பயிற்சி நாளில் ஒரு காரியம் செய். தூண்டில் முள்ளின் நுனியை இடுக்கியால் உள்பக்கமாக வளைத்துவிடு. மீன் கொத்தும், இழுக்கும், கனம் கைக்குத் தெரியும், அப்புறம் தானாகவே விட்டுவிடும். போட்டியன்றைக்குப் பிடிக்க வேண்டிய மீனை முந்தின நாளே குத்திக் காயப்படுத்தி உஷாராக்குவதில் என்ன லாபம்? ஓர் இடத்தில் இரண்டு கொத்து போதும், நகர்ந்துவிடு. மூன்றாவதையும் பார்க்கலாமே என்று கை அரிக்கும்.

பட்டியலில் அலபாமா ரிக்கும் இருக்கிறதே! குடைக்கம்பி மாதிரி ஐந்து கம்பி, ஐந்து மீன் பொம்மை. 2011-ல் பால் இலையாஸ் இதே கன்டர்ஸ்விலில் அதை வைத்துத்தான் ஜெயித்தார். அடுத்த வாரமே நாடு முழுக்கக் கடைகளில் அடிதடி. பாஸ்மாஸ்டர் எலீட் போட்டிகளில் அதற்குத் தடை. உன் கிளப்பில் அனுமதி உண்டா என்று விதித்தாளைப் பார்த்துக்கொள். அனுமதி இருந்தாலும் அந்தப் பருவத்தில் அதற்கு வேலை குறைவுதான், குளிர்காலத்துக்கு எடுத்து வை.

லைவ்ஸ்கோப் இல்லையே என்று வருத்தப்பட்டிருந்தாய். மீன் திரும்புவதையே திரையில் காட்டும் அந்தச் சோனார் 2018-ல் வந்ததிலிருந்து தொழில்முறைப் போட்டிகளில் சண்டை ஓயவில்லை. மேஜர் லீக் ஃபிஷிங் என்ற அமைப்பு தன் பாஸ் புரோ டூர் போட்டிகளில் 2025-ல் ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அதை அனுமதித்தது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. படகில் வரும் பிள்ளைகள் தலையைத் தூக்கி ஏரியைப் பார்ப்பதே இல்லை. நாரை எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியாது. உனக்கு அது இல்லாததில் பெரிய நஷ்டமில்லை. மூன்று நாலு அடித் தண்ணீரில், அடர்ந்த பாசிக்குள் அது பெரிதாக உதவாது.

ராடு ஆறு போதும், லூரை முந்தின ராத்திரியே கட்டிவிடு. சென்கோவுக்கும் லிப்லெஸ்ஸுக்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பு. தவளை லூர் கொண்டு வருவதாக இருந்தால் அதற்கு மட்டும் 50 பவுண்டு தாங்கும் பிரெய்ட் என்ற பின்னல் நரம்பு, பாசியோடு சேர்த்து மீனைப் பிடுங்கி எடுக்க அதுதான் தாங்கும்.

கடைசியாகத் தராசு. மீன் உயிரோடு வர வேண்டும். பாஸ்மாஸ்டர் விதியில் செத்த மீன் ஒன்றுக்கு 4 அவுன்ஸ் பிடிப்பார்கள், உன் கிளப்பிலும் ஏதாவது இருக்கும். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் லைவ்வெல் தொட்டியின் பம்பை நிறுத்தாதே. மத்தியானம் வெயில் ஏறினால் ஐஸ் பாட்டில் ஒன்றைப் போட்டுவை. நேரம் தவறினால் அடி அதைவிடப் பெரிது, அங்கே நிமிஷத்துக்கு ஒரு பவுண்டு போய்விடும். ஐந்து மீனையும் பிடித்துவிட்டு, அணையைத் தாண்டிப் படகைக் கடத்திவிடும் லாக் வாசலில் காத்துக்கிடந்து தாமதமாக வந்தவர்கள் உண்டு. அதனால் முதல் போட்டியில் லாக் தாண்டி அடுத்த ஏரிக்குப் போகும் யோசனையே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கேயே வந்து தங்கிவிடு. பேட்டரி சார்ஜ் போட வீட்டின் பக்கவாட்டில் பிளக் இருக்கிறது, டிரெய்லரையும் அங்கேயே நிறுத்தலாம். எந்த இறங்குதுறையிலிருந்து படகுகளை விடுகிறார்கள், உனக்கு எத்தனையாவது முறை என்று தெரிந்ததும் சொல். அதை வைத்துத்தான் விடியற்காலையில் நீ எந்தப் பாலத்துக்கு முதலில் போய்ச் சேர முடியும் என்று கணக்குப் போட வேண்டும்.

அன்புடன்,
ரவி