முட்டைக்கு வந்த வாத்துகள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

ஆற்காட்டிலிருந்து வணக்கம். ஆடி, ஆவணியில் எங்கள் கடையில் வாத்துக்குஞ்சு வாங்கிப் போனீர்கள். இப்போது அவை முட்டைக்கு வரும் நேரம். காக்கி கேம்பல் இன வாத்து ஐந்து மாதத்திலேயே தொடங்கிவிடும். ஆரணிப் பக்கத்து நாட்டு வாத்துக்கு ஆறு, ஏழு மாதம் ஆகும். தை பிறந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

"பக்கத்து வீட்டு வாத்து இடுது, எங்களுது மட்டும் ஏன் இடலை?" என்பதுதான் அதிகம் வரும் கேள்வி. நிறைய வீடுகளில் வாத்து இட்டுக்கொண்டுதான் இருக்கிறது, முட்டைதான் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. கோழி பகலில் எந்நேரமும் இடும், இட்டதும் தெருவுக்கே கேட்கும்படி கொக்கரிக்கும். வாத்து விடியற்காலையில் தொடங்கிக் காலை ஒன்பது மணிக்குள் இட்டு முடித்துவிடும். சத்தமும் போடாது, இட்ட இடத்தைத் திரும்பியும் பார்க்காது. ஆறு மணிக்கே கதவைத் திறந்துவிட்டால் முட்டை கழனி வரப்பிலும் வாய்க்கால் தண்ணீரிலும் விழும், காக்கையும் கீரியும் கொண்டு போகும். ஒன்பது மணி வரை அடைத்தே வையுங்கள். உள்ளே தண்ணீர் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். அலகு மூக்கு வரை முங்குகிற மாதிரி ஐந்தாறு அங்குல ஆழம் வேண்டும். உயரத்தில் கூடை கட்டினால் ஏறாது, தரையில்தான் இடும். காய்ந்த வைக்கோலைக் கனமாகப் போட்டு, நனைந்ததை அன்றன்றே அள்ளி எடுத்துவிடுங்கள்.

முதல் சில முட்டைகள் சின்னதாக இருக்கும். மஞ்சள் கருவே இல்லாமல் வரலாம், இரண்டு கருவோடும் வரலாம், ஓடில்லாத தோல் முட்டையாகவும் வரலாம். போகப் போக 65, 70 கிராமுக்கு வந்துவிடும். ஓடு வெள்ளையாக இருந்தாலும் லேசாகப் பச்சை ஓடினாலும் உள்ளே வித்தியாசமில்லை. ஆண் வாத்து இல்லாவிட்டாலும் பெட்டை இடும். குஞ்சு பொரிக்க நினைத்தால் மட்டும் ஐந்தாறு பெட்டைக்கு ஒரு ஆண் போதும். வால் மேல் இறகு சுருண்டிருப்பது ஆண். கத்துவது பெட்டை, ஆணுக்குக் குரல் கரகரப்பாக, அடங்கித்தான் வரும்.

இனி தீவனம். முட்டை இடுகிற வாத்து வெறும் தவிட்டிலும் நொய்யிலும் தாங்காது. புரதம் 16 முதல் 18 சதவீதம் வரை இருக்கிற தீவனம் ஒரு வாத்துக்கு நாளுக்கு 120 முதல் 150 கிராம் வேண்டும். கழனியில் நத்தை, புழு பொறுக்குகிற வாத்தானால் அதில் பாதி போதும். ஓடு கெட்டியாகக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள், வேண்டிய அளவு அதுவே தின்றுகொள்ளும். தோல் முட்டை தொடர்ந்து வந்தால் முதலில் அந்தத் தட்டைப் பாருங்கள்.

கடலைப் புண்ணாக்கு விஷயத்தில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம் இருக்கிறது. மாட்டுக்குக் கேட்டால் தருகிறோம், வாத்துக்கு என்றால் தருவதில்லை. காரணம் இதுதான். ஈரம் பட்ட கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஒரு பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கோழி தாங்குகிற அளவைக்கூட வாத்து தாங்காது. 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு சேர்த்த தீவனத்தைத் தின்று லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. அதன் பிறகுதான் இந்த நஞ்சு இன்னதென்றே தெரிய வந்தது. மணிலா (நிலக்கடலை) விளைகிற நம் ஊரில் எல்லா வீட்டிலும் புண்ணாக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம், ஊற வைத்தாலும் வேக வைத்தாலும் முழுக்கப் போகாது. விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை, இதில் நாங்கள் மாறப் போவதில்லை. மூட்டை பிரித்த தீவனத்தையும் நனையாமல், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

அறுவடை முடிந்த கழனிகளில் மேய்ச்சல் வாத்துக் கூட்டங்கள் இறங்கும் காலம் இது. பல ஊர் ஏரிகளைச் சுற்றி வரும் வாத்துகள் அவை. உங்கள் வாத்தை அவற்றோடு ஒரே தண்ணீரில் விட வேண்டாம். வாத்து பிளேக் நோய் தண்ணீர் வழியாகவும் பரவும், வந்தால் மருந்தில்லை. தடுப்பூசிதான் வழி. அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கிற இடமே நமக்குப் பக்கத்தில்தான், 1932 முதல் நடந்து வருகிற ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். இன்னும் போடாதவர்கள் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

அப்புறம் சமையல். வாத்து முட்டையை நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும். தண்ணீர் கொதித்த பிறகு பத்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. சேறும் எச்சமும் படுகிற முட்டை என்பதால் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். ஆஃப்பாயில் வேண்டாம். வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிற வீடுகளில் வாத்து முட்டையை அதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். கவிச்சி வாடை பிடிக்காதவர்கள் மிளகும் பூண்டும் தூக்கலாக வைத்துப் புளிக்குழம்பில் போடுங்கள், அவித்த முட்டையைக் கீறிப் போட்டால் காரம் உள்ளே இறங்கும். மஞ்சள் கரு பெரிது என்பதால் கேக்குக்கு அருமையாக இருக்கும். கொழுப்பும் அதற்கேற்ப அதிகம். ஒரு வாத்து முட்டையில் உள்ள கொலஸ்ட்ரால் கோழி முட்டையைப் போல மூன்று மடங்கு, இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூலத்துக்கு மருந்து என்று வாங்க வருபவர்களிடமும் இதையே சொல்கிறோம். முட்டையை உணவாகத் தருகிறோம், மருந்தாகத் தருவதில்லை.

எடுத்த முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள். கழுவினால் ஓட்டின் மேல் உள்ள காப்பு போய்விடும். காய்ந்த துணியால் துடைத்து வைத்து, உடைக்கும் முன் கழுவினால் சரி. ஆண் வாத்து இருக்கிற வீடானால் முட்டையை வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அடை வைக்காமலே கரு வளரத் தொடங்கிவிடும்.

குஞ்சு பொரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. காக்கி கேம்பல் அடைக்கு உட்காராது. அடைக்கோழியின் கீழ்தான் வைக்க வேண்டும். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கூடுதல் வாரம் கோழி எழுந்துவிடாமல் தீனியும் தண்ணீரும் அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

வீட்டுத் தேவைக்கு மேல் மிஞ்சுகிற முட்டையைக் கடைக்குக் கொண்டு வரலாம், எடுத்துக்கொள்கிறோம். இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும், தேதியைப் பென்சிலால் ஓட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தீவனக் கடையினர், ஆற்காடு