மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் டோன்ஆர்ம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டர்ன்டேபிளில் டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) துளை இடம் தவறியது – மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். பிப்ரவரியில் உங்கள் டர்ன்டேபிளை (இசைத்தட்டு போடும் கருவி) வாங்கினேன். எந்த எல்பியைப் போட்டாலும் முதல் இரண்டு பாட்டு அருமை. ஊசி உள்பக்கம் போகப் போக, 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் மணல் வறுக்கிற சத்தம்.

சேவை மையத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். முதலில், "ஊசி எடையை இரண்டரை கிராம் வைங்க சார்" என்றார்கள். கார்ட்ரிஜுடன் (ஊசி பொருத்திய பகுதி) நீங்களே கொடுத்த தாளில் உச்ச வரம்பு 2 கிராம். அப்புறம் ஆன்டி-ஸ்கேட்டிங்கை, அதாவது ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் எதிர்விசையை, கூட்டச் சொன்னார்கள். அது போதாவிட்டால் வலது சேனல்தான் முதலில் கெடும். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே கரகரப்பு. மூன்றாவது முறை, "ரெக்கார்டு பழசா இருக்கும்." போன வாரம் பிரித்த புதுத் தட்டிலும் இதே கதைதான்.

சரி என்று நானே அளந்தேன். கோவையில் முப்பது வருஷம் லேத் பட்டறையில் இருந்தவன். அளவு விஷயத்தில் என் கையை நம்பலாம். உங்கள் கையேட்டின்படி ஸ்பிண்டில் (தட்டின் நடுத்துளையில் நிற்கும் தண்டு) மையத்திலிருந்து பிவட் (ஆர்ம் திரும்பும் அச்சு) மையம் 222 மி.மீ. என்னிடம் இருப்பது 219.

மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். தட்டை வெட்டும் கருவி நேர்கோட்டில் நகர்கிறது. டோன்ஆர்மோ வில்லாக வளைந்து போகிறது. அந்தக் கோண வித்தியாசத்தைக் குறைக்கத்தான் ஹெட்ஷெல்லை (கார்ட்ரிஜ் மாட்டும் ஆர்ம் முனை) 23 டிகிரி திருப்பி, ஊசி ஸ்பிண்டிலை 17.3 மி.மீ. தாண்டி நிற்கும்படி வைக்கிறார்கள். 1938இல் லோஃப்கிரென், 1941இல் பேர்வால்ட் என்ற ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. பிவட் சரியான இடத்தில் இருந்தால் மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ. ஆகிய இரண்டு இடத்தில் கோணப் பிழை பூஜ்யமாகும். என் ஆர்மில் ஊசி 20.3 மி.மீ. தாண்டுகிறது. கணக்குப் போட்டால் தட்டில் எங்குமே பூஜ்யம் வரவில்லை, புரோட்ராக்டரில் (ஊசிக் கோணம் பார்க்கும் அட்டை) வைத்துப் பார்த்தாலும் அப்படியே. 60 மி.மீ. ஆரத்தில் 0.8 டிகிரி இருக்க வேண்டிய பிழை 3.7 ஆகிவிட்டது. அங்கே பள்ளம் ஓடும் வேகமும் வினாடிக்கு 21 செ.மீ.தான், வெளி விளிம்பில் 51. அலைகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் கோணமும் கோணலானால் கரகரக்காமல் என்ன செய்யும்?

கார்ட்ரிஜைப் பின்னால் நகர்த்திச் சமாளிக்கலாம் என்றால், உங்கள் ஹெட்ஷெல்லில் நீளத் துளை இல்லை; இரண்டு வட்டத் துளைதான். பேரிங்கில் ஆட்டம் இல்லை, ஆர்ம் லேசாக நகர்கிறது. நல்ல ஆர்மைத் தப்பான இடத்தில் நட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். டிரில் ஜிக் (துளையிட வழிகாட்டும் சட்டம்) நகர்ந்திருந்தால் என்னுடையது மட்டும் இப்படி இருக்காது. அந்த லாட்டில் மற்றதையும் எடுத்துப் பாருங்கள்.

எனக்கு வேறு டர்ன்டேபிள் வேண்டும். அனுப்பும் முன் 222 இருக்கிறதா என்று அளந்து அனுப்புங்கள். முடியாது என்றால் முழுப் பணம். பில் நகலும் ஸ்கேல் வைத்து எடுத்த படங்களும் இணைத்துள்ளேன். அட்டைப்பெட்டி, தெர்மோகோல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் போக ஆள் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்