பேய் விளையாட்டுக்கு ஒரு மண்டபம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் இளம்பிள்ளைகள் இரவில் கூடிப் 'பேய்க்கூட்டம்' நடத்துகிறார்கள், பெற்றோர் கண்டிக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவன் நான்தான். பரந்தனில் ஒலி ஒளிக் கடை வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் லைற்றும் சவுண்டும் கட்டுவது என் தொழில். அதிபர் ஐயா கோபப்பட்டதில் எனக்கு மனவருத்தமில்லை. ஆனால் அவர் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பேயைப் பார்த்துப் பயப்படுகிறார்.

என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் வயதுப் பெடியன்களும் பெட்டைகளுமாக இருபது பேரளவில் ஒரு கட்டடத்துக்குள் கூடுவோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடதாசி: நீ யார், உனக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறாய். மேடை இல்லை, எழுதிய வசனம் இல்லை, பார்க்கிற சனமும் இல்லை. விளையாட்டு முடியும்வரை அந்த ஆளாகவே நடந்து, பேசி, பொய் சொல்ல வேண்டியதுதான். கதை நடப்பது இன்றைய கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையைப் பார்த்த ஒரு தொடர்மாடியில். வீட்டுப் புரோக்கர் ஒருவர், இரவு வேலை முடிந்து வரும் தாதி ஒருத்தி, வெளிநாட்டு ஏஜென்சிக்காரனின் போனுக்காகக் காத்திருக்கும் பெடியன், கேற்றடியில் காவலாளி. இவர்களில் ஒருவர் மனிதரில்லை. அது யாரென்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

இது நான் கண்டுபிடித்ததுமில்லை, நேற்று முளைத்ததுமில்லை. நகரத்தை மறைவில் இருந்து ஆளும் இரத்தக் காட்டேறிகளைப் பற்றி 1991 இல் அமெரிக்காவில் 'வாம்பயர்: த மாஸ்கரேட்' என்ற விளையாட்டு வந்தது. மேசையைச் சுற்றி இருந்து ஆடியதை எழும்பி நடந்து ஆடுவதற்கான விதிகள் 1993 இல் வந்தன. அதில் இரண்டு பேருக்கு இடையில் சண்டை வந்தால் கல், கடதாசி, கத்திரிக்கோல் போட்டுத்தான் தீர்ப்பு. ஒருவரை ஒருவர் தொடவே கூடாது. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். எனக்கு இதையெல்லாம் சொல்லித்தந்தவன் ஒஸ்லோவில் இருக்கும் மச்சான். அங்கே இந்த நடிப்பு விளையாட்டைப் பற்றிப் பேசவென்றே 1997 இல் ஒரு மாநாடு தொடங்கி, பிறகு சுவீடன், டென்மார்க், பின்லாந்து என்று நாடு மாறி நாடு நடத்துகிறார்கள். பெரிய ஆட்கள், உத்தியோகம் பார்க்கிறவர்கள். பிள்ளைகுட்டிக்காரரும் உண்டு.

சரி, அதை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கலாமா என்றால், முடியாது. கதையை ஏன் கொழும்பில் வைத்தோம் என்று பலர் கேட்கிறார்கள். ஆள் இல்லாத வீடு, கூரை போன பாடசாலை, இரவில் ஒருவர் கதவைத் தட்டுவது... வேறு ஊரில் இவை பயங்காட்டும் சாமான்கள். யுத்தம் நடந்த எங்கள் வன்னியில் இவை நினைவுகள். நகரத்துப் பயம் வேறு மாதிரி. பக்கத்துக் கதவுக்குள் யார் இருக்கிறார் என்று வருடக்கணக்காகத் தெரியாமல் இருப்பது, லிப்ட் தானாக நிற்பது, இரும்புக் கிறில்லை வெளியே இருந்து யாரோ பூட்டுவது, கமராவில் தெரியும் ஆள் நேரில் இல்லாமல் இருப்பது. எங்கள் பிள்ளைகள் பலர் கொழும்பில் போர்டிங்கில் இருந்து கடைகளில் வேலை செய்தவர்கள். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், ஆனால் சுடாது.

அங்கேயும் கண்ணிகள் உண்டு. கதையில் லிப்டில் பொத்தான் இல்லாத ஒரு மாடி வருகிறது. அதை நாலாம் மாடி என்று ஒரு பெடியன் எழுதிக்கொண்டு வந்தான். கொழும்பில் நாலாம் மாடி என்றால் பொலிசார் ஆட்களைக் கொண்டுபோய் விசாரிக்கும் இடம் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏழாம் மாடி ஆக்கினோம். ஆட்களைக் கடத்திய வெள்ளை வான் இல்லை. அடையாள அட்டை கேட்பது இல்லை. சீருடை யாரும் போட முடியாது, காவலாளிக்குக்கூடச் சாதாரண சேர்ட்தான். வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது இல்லை. காணாமல் போன ஒருவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது எல்லா ஊர்ப் பேய்க்கதையிலும் வரும். 2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு போராட்டம் தொடங்கிய ஊரில் அதை விளையாட்டாக வைக்க எனக்கு மனம் வராது.

என் தொழில் சம்பந்தப்பட்டதையும் சொல்ல வேண்டும். பயங்காட்டுவதற்குச் சுலபமான வழி பேஸ் பெட்டி. ஆழமான சத்தத்தைக் கூட்டினால் நெஞ்சு அதிரும், நிலம் அதிரும். பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அந்த அதிர்வு என்னவென்று தெரியும். திருவிழாவில் வெடி கொளுத்தும்போது என்னோடு வயர் இழுக்கும் ஒரு அண்ணை இன்றைக்கும் தன்னை அறியாமல் குந்துவார். ஆகவே பேஸ் பெட்டி கடையிலேயே கிடக்கும். சின்னப் பெட்டிகள் இரண்டுதான்: குழாயில் தண்ணீர் சொட்டுவது, தூரத்து ரயில், மேல்மாடியில் யாரோ தளபாடம் இழுப்பது. லைற்றையும் முழுதாக அணைப்பதில்லை. படிக்கட்டில் ஒரு பல்ப் எப்போதும் எரியும்.

அப்படியும் ஒருநாள் மேலே பிளாஸ்டிக் கதிரை ஒன்று சீமெந்து நிலத்தில் சரிந்து விழுந்தது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி படிக்கட்டுக்குக் கீழே போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்துவிட்டா. பக்கத்தில் நின்ற பெடியன் உடனே "நிப்பாட்டு" என்றான். அந்தச் சொல் கேட்டால் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், ரியூப்லைற் எல்லாம் போட வேண்டும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நிற்கத் தேவையில்லை, கொஞ்சம் குறைத்தால் போதும் என்றால் "ஆறுதலா" என்று சொல்ல வேண்டும். நோர்வேயிலும் இப்படி இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். பிளேன்ரீ குடித்துவிட்டு, மிச்சத்தையும் ஆட வேண்டும் என்று அந்த அக்காதான் சொன்னா. கடைசியில் ஏழாம் மாடிக்காரனைப் பிடித்துக் கொடுத்ததும் அவதான்!

காத்தவராயன் கூத்தில் விடியப்புறம் கழுமரம் ஏறும்போது அழாத சனம் உண்டா? பார்க்கிறவர் அழுவார், ஆடுகிறவர் உருவந்து நடுங்குவார், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருப்பார். அவர் கவனிக்கிறார் என்ற தைரியத்தில்தான் ஆடுகிறவன் அவ்வளவு தூரம் போகிறான். எங்கள் விளையாட்டிலும் ஒருவர் கதைக்குள் போகாமல் ஓரமாக நிற்க வேண்டும். அதிபர் ஐயா கேட்க வேண்டியது இதைத்தான்: ஓரமாக நிற்கிறவன் யார், அவனுக்கு இந்த ஊர் தெரியுமா?

மற்றபடி ஒளிப்பு மறைப்பு இல்லை. கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முதலே சொல்லிவிட்டுத்தான் நடத்துகிறோம். ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்போம். ஒருவரும் மதிலுக்கு வெளியே, பற்றைக்குள் போக முடியாது. மிதிவெடிப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. போன் கதைக்குள் வரும், ஏழாம் மாடியில் இருந்து வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவது நான்தான். ஆனால் உண்மையான வீட்டுக் கோல் வந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஒருதரம் ஒரு அம்மா "சோறு வைக்கவோ, புட்டு அவிக்கவோ" என்று கேட்டு முடிக்கும்வரை பேய் மரியாதையாக நின்றது.

அதிபர் ஐயாவுக்கு ஒரு பாத்திரம் எழுதி வைத்திருக்கிறேன். குடியிருப்பாளர் சங்கத் தலைவர், எல்லாவற்றுக்கும் முறைப்பாடு எழுதுகிறவர். வந்தால் சந்தோசம். ஆட விருப்பமில்லை என்றால் என்னோடு ஓரமாக நிற்கலாம்.

அவருடைய கடிதத்துக்குப் பிறகு, வழக்கமாக இடம் தந்த மண்டபக்காரர் தர முடியாது என்றுவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். மேல்மாடியும் இரண்டு வாசலும் உள்ள கட்டடம் ஒன்று வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை இருக்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேற்றர் என்னுடையது. வாடகையை முதலே கட்டுவோம். ஆடி பிறந்தால் கலியாணம் இல்லை, மண்டபங்களும் சும்மா கிடக்கும், என் லைற்றுகளும் சும்மா கிடக்கும். அந்த மாதம் யாராவது தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒலி ஒளி அமைப்பாளர்,
பரந்தன்.