பூட்டி பேர் கிடைத்துவிட்டது

அன்புச் சேக்காளிக்கு,

பங்குனி உத்திரத்தன்று நீ போன் பண்ணியபோது நான் எங்கள் குலசாமி சாஸ்தா கோயிலில் நின்றுகொண்டிருந்தேன். கொட்டுச் சத்தத்தில் நீ பேசியதில் பாதி காதில் விழவில்லை, மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை என்றது மட்டும் கேட்டது. ரொம்பச் சந்தோஷம்டா. பேர் வைத்தாயிற்றா? இன்னும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு வை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது உனக்குத் தெரியும். அப்பாவின் டிரங்குப் பெட்டி மூழ்கிப்போனது தெரியாது. தண்ணீர் வடிந்து, சகதியை வழித்துத் தள்ளி, கரண்ட் வந்தபிறகுதான் பெட்டியைத் திறந்தேன். பத்திரங்கள், கல்யாண மொய் நோட்டு, கோயில் கொடைக்கு வரி பிரித்த நோட்டு, எல்லாம் ஊறி ஒட்டிக்கிடந்தன. பட்டாசல் முழுக்க நியூஸ் பேப்பர் விரித்து, ஃபேனைப் போட்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தேன். ஓலைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. துடைத்ததும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அது தாத்தாவின் ஜாதகம்.

அதில் ௲௭௰௭ என்று இருந்தது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ௲ என்றால் ஆயிரம், ௭௰ என்றால் எழுபது, கடைசியில் ஏழு. கொல்லம் 1077 (மலையாளத்திலும் நம் பக்கத்திலும் எழுதும் ஆண்டுக்கணக்கு), பிலவ வருஷம், தை மாதம். பிலவ என்று மட்டும் இருந்தால் 1901ஆகவும் இருக்கலாம், அறுபது வருஷம் முன்னே தள்ளி 1841ஆகவும் இருக்கலாம். நம் பக்கத்துப் பெரியவர்கள் கொல்லத்தையும் சேர்த்து எழுதிவைத்தது எவ்வளவு பெரிய உபகாரம்! நம் ஊர்க் கணக்கில் கொல்லம் ஆவணியில் பிறக்கிறது, அதனால் ஆவணி முதல் மார்கழி நடு வரைக்கும் 824, அதற்கப்புறம் 825 கூட்டவேண்டும். கூட்டினேன். 1902 ஜனவரி-பிப்ரவரி. தாத்தா பிறந்த மாதம் கையில் வந்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ரிட்டயர் ஆகி நாலு வருஷத்தில் இப்படி ஒரு ராத்திரி எனக்கு வந்ததில்லை.

ஆனால் அதே ஓலையில் ஒரு குறை இருந்தது. தாத்தாவின் அப்பா, அதாவது பூட்டன், பேர் இருக்கிறது, அவர் அப்பா பேர் இருக்கிறது, பூட்டிக்கு மட்டும் 'பாரியாளுக்குப் புருஷப் பிரஜை ஜெனனம்', அதாவது மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது, என்றுதான் எழுதியிருக்கிறது. பெற்றவளுக்குப் பேர் இல்லை. வயதான சொந்தக்காரர் ஒருவர் விடாமல் ஆறு தலைமுறை ஆண்கள் பேரைச் சொன்னார், தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 வாக்கில், எங்கிருந்தோ நடந்து வந்தோம் என்று அந்தக் கதையையும் சொன்னார். பூட்டி பேரைக் கேட்டால் 'அவ வீரவநல்லூர்க்காரி' என்பதோடு நிறுத்திக்கொண்டார். எட்டுப் பேரிடம் கேட்டேன், எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். ஒருத்தி வாழ வந்த வீட்டில் கடைசியில் அவள் பிறந்த ஊர்தான் அவளுக்குப் பேராக மிஞ்சுகிறது.

அதனால்தான் இந்த உத்திரத்துக்கு ஒரு நோட்டோடு போனேன். உங்களுக்கு இந்த வழக்கம் இல்லை என்பதால் சொல்கிறேன், வருஷம் முழுக்க எந்த ஊரில் கிடந்தாலும் அன்றைக்கு ஒருநாள் அவரவர் சாஸ்தாவிடம் வந்துவிடவேண்டும். எங்கள் சொக்காரர்களில், அதாவது பங்காளிகளில், சென்னை, பம்பாய் என்று சிதறியவர்கள் எல்லாம் அங்கே ஒரே மரத்தடியில் பொங்கல் வைக்கிறார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய அலுவலகம் கிடையாது. தாத்தாவின் தம்பி மகள், தொண்ணூறு வயதிருக்கும், கோயில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டேன்.

"ஒங்க பெரியத்த பேரு என்னய்யா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள்.

"பாப்பா."

"அது கூப்புடுத பேருல்லா. ரேசன் கார்டுல என்ன பேரு இருந்துது?"

சொன்னேன். திருநெல்வேலி டவுன் கோயில் அம்மன் பேர், காந்திமதி.

"அதுதான் ஒம் பூட்டி பேரு. மாமியா பேர மருமவ எப்படிச் சொல்லுவா? பிள்ளைக்கு அந்தப் பேர வச்சிட்டு, பாப்பா பாப்பான்னு கூப்புட்டா ஒங்க ஆச்சி."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பேர் தொலையவே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. மரியாதைக்காக யாரும் வாயால் சொல்லாமல் விட்டார்கள், சொல்லாததால் நாங்கள் மறந்துவிட்டோம். அத்தை சாகும்வரை அந்தப் பேரைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள், அவளுக்காவது தெரிந்திருக்குமா?

வீட்டுக்கு வந்ததும், படிக்க முடியவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு பத்திரத்தை மறுபடி எடுத்தேன். மை கரைந்து பாதி வரி போய்விட்டது, ஆனால் பேர் தெரிந்தபிறகு அந்த எழுத்துகள் தானாக எழுந்து வந்தன. அவளேதான். தன் சீதன நஞ்சையை மகனுக்கு, அதாவது தாத்தாவுக்கு, எழுதிக் கொடுத்திருக்கிறாள். கன்னடியன் கால்வாய்ப் பாசனம், நாலு மரக்கால் விதைப்பாடு, அதாவது நாலு மரக்கால் நெல் விதைக்கிற அளவு நிலம். (இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை, ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா கணக்குச் சொல்லித் தருவாரே.) பின்பக்கம் அவள் பெருவிரல் ரேகை. அழிந்த வரிகளுக்காகப் பதிவு அலுவலகத்தில் நகல் மனு போட்டேன். முதல் இரண்டு தடவை அந்தக் காலத்துப் புத்தகம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள், மூன்றாவது தடவை கிடைத்தது. நாலெல்லையைப் படித்ததும் எந்த வயல் என்று புரிந்துபோனது. நாம் பாளையங்கோட்டையில் படிக்கச் சேர்ந்த வருஷம் அப்பா விற்ற வயல்டா அது. என் காலேஜ் ஃபீஸ், விடுதிச் சாப்பாடு, உன்னோடு பார்த்த படங்கள் எல்லாம் பேர் தெரியாத அந்த வீரவநல்லூர்க்காரி கொடுத்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு என்னைவிட நல்ல வழி இருக்கிறது. நாசரேத்தில் உங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பார். அந்த மாதிரிப் பதிவேடுகளில் அப்பா பேரோடு அம்மா பேரும், ஊரும், தொழிலும் எழுதும் வழக்கம் உண்டு. எங்கள் ஓலை 'பாரியாள்' என்று தாண்டிப்போன இடத்தில் உங்கள் பாதிரியார் பேரைக் கேட்டு எழுதியிருப்பார். பழைய தாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தைத் தேடாதே, அது 1986இல் பிரிந்தது, அதற்கு முந்தியதெல்லாம் திருநெல்வேலி ஜில்லா என்றுதான் இருக்கும். கொழும்பில் கடை வைத்திருந்த உன் தாத்தாவிடமிருந்து தொடங்கு. அதற்கு முன்னால் உன் அம்மாவிடம் பேசு. இன்றைக்கே பேசு, போனில் ரெக்கார்டு பண்ணிக்கொள். யார் மகன் யார் என்று கேட்காதே, வீட்டில் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், ஏன் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றாமல் ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

பேத்தியைப் பார்க்க நானும் வரவேண்டும். நீ ஊருக்கு வருகிற தேதியைச் சொல், திருச்செந்தூர் ரயிலில் நாசரேத்துக்கு நானும் கூட வருகிறேன். பழைய கையெழுத்து எனக்கு இப்போது ஓரளவு பழகிவிட்டது, பதிவேட்டை இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம். குழந்தைக்குப் பேர் வைக்க அதுவரை பொறுப்பார்களா என்று மகளிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்